நகத்தில் ஒரு கடல்: வீட்டுச் செய்முறைகள் பற்றி ஒரு விமரிசனம்

ஆள்காட்டி விரலின் நகம் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புடையது. அந்தச் சிறு பரப்பில் ஒரு கடற்கரையையே தீட்டிவிட வேண்டும் என்ற ஆசை ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பலருக்கு எழுகிறது. நுனியில் நீலம், நடுவில் வெண்ணுரை, அடியில் மணல், ஓரத்தில் ஒரு சிப்பி அல்லது நட்சத்திர மீன் என்று பத்து விரல்களிலும் பத்துக் காட்சிகள்! அழகு நிலையத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இவற்றைச் செய்துகொள்ளும் முறைகள் இதழ்களிலும் காணொளிகளிலும் ஏராளமாக வருகின்றன. அவற்றுள் பலவற்றைப் படித்தும் பார்த்தும், சிலவற்றைச் செய்து பார்த்தும், என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் ஒருவருக்கு நகப்பூச்சில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பரப்பு இழுவிசை, பாகுநிலை, ஆவியாதல், ஒளிச் சிதறல், ஒளிக் குறுக்கீடு ஆகிய பாடங்கள் அனைத்துக்கும் அந்தச் சிறு புட்டிக்குள் எடுத்துக்காட்டு உண்டு. ஆய்வுக்கூடத்தில் விலை உயர்ந்த கருவியால் காட்டுவதைச் சமையலறைக் குவளை ஒன்றில் காட்டக்கூடிய பொருள் அது. ஆகவே இதை அற்பம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இச்செய்முறைகளிடம் மூன்று கேள்விகள் கேட்போம். தீட்டியது கடலைப் போல் இருக்கிறதா? ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லப்படுகிறதா? செய்பவருக்கும் பிறருக்கும் தீங்கு இல்லாமல் இருக்கிறதா? இம்மூன்றில் இரண்டாவது கேள்வியே முக்கியமானது என்பது என் கருத்து. காரணம் சொல்லாமல் கட்டளை மட்டும் இடுவதால்தான் மற்ற இரண்டிலும் இச்செய்முறைகள் தவறிப்போகின்றன.

புட்டிக்குள் இருப்பது என்ன?

நகத்துக்கு நிறமூட்டுவது நமக்குப் புதிதன்று. மருதாணி இலையை அரைத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் மருதாணியும் நகப்பூச்சும் வேலை செய்யும் விதம் வேறு. மருதாணியிலுள்ள லாசோன் என்னும் பொருள் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்து, நகத்தையே சாயமேற்றுகிறது. அதைத் துடைத்து எடுக்க முடியாது. நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது, சாயமேறிய பகுதி நுனிவரை நகர்ந்து வெட்டுப்பட்ட பின்னரே நிறம் மறைகிறது. நகப்பூச்சோ நகத்தின் மேல் படியும் ஒரு மெல்லிய உறை மட்டுமே.

அவ்வுறையின் முக்கியப் பொருள் நைட்ரோ செல்லுலோஸ். பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் தோய்த்து இதைப் பெறலாம் என்று 1846-இல் ஷோன்பைன் என்ற வேதியியல் அறிஞர் அறிவித்தார். நைட்ரஜன் மிகுந்த வகை வெடிபஞ்சு ஆயிற்று. நைட்ரஜன் சற்றுக் குறைந்த வகை 1920-களில் மோட்டார் வண்டிகளுக்கு விரைவில் உலரும் வண்ணப்பூச்சாகப் பயன்பட்டது. இன்றைய நகப்பூச்சு அந்த வண்டிப்பூச்சின் நெருங்கிய உறவினர் எனலாம். எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் நைட்ரோ செல்லுலோஸைக் கரைத்து, வளைந்து கொடுக்கும் தன்மைக்கும் ஒட்டும் தன்மைக்கும் சில பொருள்களைச் சேர்த்து, நிறமிகளைக் கலந்து புட்டியில் அடைக்கிறார்கள். நகத்தில் பூசியதும் கரைப்பான் ஆவியாகிறது; எஞ்சியது கெட்டியாகிப் படலமாகிறது. நகப்பூச்சு உலர்வது என்றால் இதுதான். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை தானே கிடைத்துவிடும்.

ஒரே நீலமா கடல்?

செய்முறைகளில் மிகுதியாகக் காணப்படுவது ஸ்பாஞ்சு முறை. பாத்திரம் துலக்கும் புதிய ஸ்பாஞ்சு ஒன்றைச் சிறு துண்டாக வெட்டி, அதில் இரண்டு மூன்று நிறங்களைப் பட்டைகளாகத் தடவி, நகத்தின் மேல் ஒற்றி எடுக்க வேண்டும். பட்டைகளின் எல்லைகள் ஒன்றில் ஒன்று கரைந்து, ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் தோற்றம் வரும். எளிய முறை, கை நடுங்கினாலும் கெடாத முறை. பாராட்ட வேண்டிய ஒன்று.

குறை நிறங்களின் வரிசையில் இருக்கிறது. பல செய்முறைகள் மணல் நிறத்தை ஒட்டியே கருநீலத்தை வைக்கின்றன. வானத்தின் நீலம் கடலில் தெரிகிறது, ஆகவே எந்த நீலமும் பொருந்தும் என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். இந்த எண்ணம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சோதனைக்கு உட்பட்டது. 1921-இல் நார்குண்டா என்ற கப்பலில் தாயகம் திரும்பிய சர் சி.வி. இராமன், நிக்கல் பட்டகம் ஒன்றின் வழியே கடலை நோக்கினார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான் ஒளியை அப்பட்டகத்தால் தடுத்த பின்னரும் கடலின் நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது அந்நீலத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்று அவர் காட்டினார். சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சிக்கொள்வது மற்றொரு காரணம். தூய நீரில் ஒரு மீட்டர் தொலைவைக் கடப்பதற்குள் ஆழ்சிவப்பு ஒளியில் ஏறக்குறையப் பாதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நீல ஒளியோ மிகச் சிறிதளவே குறைகிறது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு என்ன? கடலின் நிறம் ஆழத்தைச் சொல்லும் அளவுகோல். முழங்கால் ஆழத்தில் மணல் தெரியும். அதற்கு அப்பால் இளம்பச்சை, பிறகு பச்சை கலந்த நீலம், அதன் பிறகே கருநீலம். நகத்தின் அடியில் மணலை வைத்தால் நுனியில்தான் கருநீலம் வர வேண்டும். இடையில் இளம்பச்சைப் பட்டை இல்லாத சித்திரம், கரையை விட்டு ஓரடி வைத்ததும் ஆளை மூழ்கடிக்கும் கடலைக் காட்டுகிறது! ஐந்து நிறப் புட்டிகள் தேவையில்லை. கருநீலத்தோடு வெள்ளையையும் ஒரு சொட்டு மஞ்சளையும் வெவ்வேறு அளவில் கலந்தால் இடைப்பட்ட நிறங்கள் எல்லாம் கிடைக்கும்.

மறந்துபோன ஈர மணல்

கடற்கரையில் நின்று பார்த்த எவருக்கும் தெரியும்: உலர்ந்த மணல் வெளிர் நிறம், அலை நனைத்துவிட்டுப் போன மணல் கருமை. நான் பார்த்த செய்முறைகளுள் பெரும்பாலானவை இந்த ஈரப் பட்டையை மறந்துவிட்டன. அது இல்லாததால் மணலும் நீரும் இரண்டு துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டதுபோல் நிற்கின்றன.

நனைந்த மணல் ஏன் கருக்கிறது? மணல் துகள்களான குவார்ட்சின் ஒளிவிலகல் எண் 1.54. உலர்ந்த மணலில் துகள்களைச் சூழ்ந்திருப்பது காற்று. அதன் எண் 1. வேறுபாடு பெரிது; ஒளி பலவாறு சிதறி விரைவில் நம் கண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. நனைந்ததும் காற்றின் இடத்தில் நீர் வந்து நிற்கிறது; அதன் எண் 1.33. வேறுபாடு குறைவதால் ஒளி அதிகம் திசை மாறாமல் மணலுக்குள் ஆழமாகச் சென்று, அங்கேயே பெரிதும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. திரும்பி வரும் ஒளி குறைவு, ஆகவே கருமை.

இதே நிகழ்ச்சியை நகத்தின் மேலும் நிகழ்த்தலாம். பழுப்பு நிற நகப்பூச்சுச் சில துளிகளில் ஒரு சிட்டிகை சோள மாவைக் கலந்து பூசினால், அது உலர்ந்ததும் பளபளப்பற்ற சொரசொரப்பான பரப்பாகும். அதன் மேல், நீருக்கு அருகிலுள்ள பாதியில் மட்டும் நிறமற்ற மேல்பூச்சைத் தடவுங்கள். தடவிய பகுதி உடனே கருத்து ஈர மணலாகத் தெரியும். வேறு நிறம் எதுவும் சேர்க்கவில்லை. சொரசொரப்பான பரப்பில் சிதறிய ஒளி, மேல்பூச்சு பள்ளங்களை நிரப்பியதும் சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. அலை செய்த வேலையை மேல்பூச்சு செய்துவிடுகிறது. முழு நகத்துக்கும் மேல்பூச்சு பூசி முடிக்க வேண்டும் என்று எல்லாச் செய்முறைகளும் ஒரே வாய்ப்பாடாகச் சொல்கின்றன. காரணம் தெரிந்தவர் அந்தக் கட்டளையை எங்கே மீறலாம் என்பதையும் தெரிந்துகொள்வார்.

நுரையை வரைய முடியுமா?

அடுத்தது நுரை. மெல்லிய தூரிகையாலோ பல் குத்தும் குச்சியாலோ ஒரு வெள்ளை வளைகோடு வரைந்து, அதையே அலை என்கிறார்கள். நேர்த்தியாக வரையப்பட்ட கோடுகூடப் பாவாடைக் கரைபோல இருக்கிறதேயன்றி நுரைபோல இல்லை.

நுரையில் வெள்ளை நிறப் பொருள் எதுவும் கிடையாது. நிறமற்ற நீரும் நிறமற்ற காற்றும்தான் இருக்கின்றன. ஒளி நேராக விழும்போது ஒரு நீர்ப்பரப்பு அதில் சுமார் 2 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. ஆனால் நுரையில் எண்ணற்ற குமிழிகளின் எண்ணற்ற பரப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக எல்லா நிறங்களையும் ஒரே அளவில் திருப்புவதால் வெண்மை தோன்றுகிறது. குமிழிகள் உடைய உடைய, அலை ஓய்ந்த இடத்தில் நுரை ஓட்டைகள் விழுந்த வலைபோல் பரவுகிறது. ஆகவே நுரையின் உருவம் கோடு அன்று, வலை. உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கசக்கி வெள்ளைப் பூச்சில் தொட்டு ஒற்றும் முறை இதற்கு ஓரளவு பொருந்துகிறது. இதைவிடச் சிறந்த முறையும் ஒன்று உண்டு. அதற்கு முன் நீர்ப்பரப்பு ஓவியத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நீர் தானே தீட்டும் ஓவியம்

ஒரு குவளை நீரில் ஒரு துளி நகப்பூச்சை விட்டால் அது வட்டமாக விரியும். அதன் நடுவில் வேறு நிறத்தில் ஒரு துளி. பிறகு மீண்டும் முதல் நிறம். மரத்தை வெட்டினால் தெரியும் வளையங்கள்போல் நிற வளையங்கள் உண்டாகும். ஊசி முனையால் அவற்றை மெல்ல இழுத்தால் அலை வடிவங்கள் தோன்றும். விரலை அமிழ்த்தினால் அப்படலம் நகத்தில் ஒட்டிக்கொள்ளும். நிறங்களை நீர்மேல் மிதக்கவிட்டுத் தாளில் ஒற்றி எடுக்கும் பழைய கலைகளின் வழியில் வந்தது இது. ஜப்பானில் இதை சுமிநாகாஷி என்பர். துருக்கியில் எப்ரு என்பர். எப்ருவை 2014-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகத் தன் பட்டியலில் சேர்த்தது.

கடற்காட்சிச் செய்முறைகள் அனைத்திலும் இதற்கே நான் முதலிடம் தருவேன். மற்றவை அலையின் படத்தைக் காட்டுகின்றன. இதில் ஒரு திரவம் உண்மையாகவே ஓடி, ஓடிய தடத்தை விட்டுச் செல்கிறது. ஒரு முறை வந்த வடிவம் மறுமுறை வராது.

ஆயினும் பலர் செய்து தோற்பதும் இதில்தான். துளி விரியாமல் திரண்டு மூழ்கிவிடுகிறது என்பார்கள். படலம் சுருங்கிவிடுகிறது என்பார்கள். செய்முறைகளோ ‘அறை வெப்பநிலையில் உள்ள நீரை எடுக்கவும், விரைவாகச் செய்யவும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. காரணங்களை நாம் பார்ப்போம்.

நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.072 நியூட்டன். நகப்பூச்சின் கரைப்பான்களுக்கு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எனவே நீர்ப்பரப்பு துளியின் விளிம்பை நாலாபுறமும் வெளியே இழுக்கிறது, துளி விரிகிறது. குவளையில் பாத்திரம் துலக்கிய சோப்பின் மிச்சம் சிறிதிருந்தாலும் நீரின் பரப்பு இழுவிசை குறைந்துவிடும்; இழுப்பார் இன்றித் துளி அப்படியே அமிழும். குவளையை நன்றாக அலசுவதே பாதி வெற்றி. பழைய புட்டியும் உதவாது. கரைப்பான் ஆவியாகிப் பாகுநிலை கூடிவிட்டதால் அது விரைந்து விரியாது. நீர் மிகக் குளிர்ந்திருந்தாலும் பாகுநிலை கூடும். நீர் சூடாக இருந்தாலோ, சித்திரை வைகாசி வெயிலில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து செய்தாலோ, கரைப்பான் நொடிகளில் ஆவியாகிப் படலம் தோல்போல் இறுகிவிடும். ஊசி இழுத்தால் கிழியும். கோடைக் காட்சியைக் கோடையில் செய்வதே இதில் கடினம்!

வெள்ளைப் பூச்சை அடியில் பூசிக்கொள்ளுங்கள் என்றும் எழுதுகிறார்கள். ஏன்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு துளியின் பருமன் 0.02 கன செ.மீ. என்று கொள்வோம். 7 செ.மீ. விட்டமுள்ள குவளையில் நீர்ப்பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. அது முழுவதும் துளி விரிந்தால் படலத்தின் தடிப்பு 0.0005 செ.மீ.; அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான். எஞ்சும் படலம் இன்னும் மெல்லியது. ஒளி அதனூடே போய்விடும். அடியில் வெண்மை இருந்து ஒளியைத் திருப்பி அனுப்பினால்தான் நிறம் கண்ணுக்குத் தெரியும்.

இனி, முன்னே சொன்ன நுரைக்கு வருவோம். வெள்ளைத் துளி ஒன்றை நீர்மேல் விரியவிட்டு, அதன் மேல் கை சுத்திகரிக்கும் ஆல்கஹால் கரைசலைத் தெளிப்பானால் ஒரு முறை தெளியுங்கள். சிறு துளிகள் விழுந்த இடங்களில் பரப்பு இழுவிசை திடீரெனக் குறைகிறது. சுற்றியுள்ள பகுதி வலிமையாக இழுக்க, படலம் அவ்விடங்களில் விலகி வட்ட வட்டமாக ஓட்டை விழுகிறது. இழுவிசை வேறுபாட்டால் உண்டாகும் இந்த ஓட்டத்தை இத்தாலிய அறிஞர் மாரங்கோனியின் பெயரால் குறிப்பிடுவர். கிடைப்பது அசல் நுரை வலை. நீலமும் பச்சையும் ஏற்கெனவே பூசி நன்றாக உலர்ந்த நகத்தை அதில் அமிழ்த்தினால், தூரிகை பிடிக்கத் தெரியாதவருக்கும் அலை கரையில் உடைந்த காட்சி கிடைக்கும்.

ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. இம்முறையில் நகத்தில் ஒட்டுவதைவிட வீணாகும் பூச்சே அதிகம். மிச்சப் படலத்தைக் குச்சியால் சுருட்டி எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். நீரோடு சேர்த்துச் சாக்கடையில் கொட்டுமாறு சொல்வது பொறுப்பற்ற செயல்.

முத்தும் சிப்பியும்

முத்துச்சிப்பியின் உட்புறம் பளபளப்பது எந்தச் சாயத்தாலும் அன்று. அரகோனைட் என்னும் சுண்ணப் பொருளின் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் தடிப்பும் ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அடுக்குகளிலிருந்து திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, கோணத்துக்குக் கோணம் மாறும் நிறங்களைத் தருகின்றன. தரையில் கொட்டிய எண்ணெயின் வானவில் நிறங்களுக்கும் இதுவே காரணம். முத்து நிற நகப்பூச்சுக்கு முன்பு மீன் செதிலிலிருந்து எடுக்கும் குவானின் படிகங்களைக் கலந்தார்கள். இப்போது பெரும்பாலும் டைட்டானியம் டைஆக்சைடு பூசிய அபிரகத் துகள்களே கலக்கப்படுகின்றன.

‘முத்துப் பூச்சை அடியிலிருந்து நுனிவரை ஒரே திசையில் பூசுக’ என்ற கட்டளை சரியானது. தட்டையான துகள்கள் தூரிகை இழுக்கும் திசையில் படிந்து அணிவகுக்கின்றன. முன்னும் பின்னும் இழுத்தால் கோடு கோடாகத் தெரியும். ஆனால் முத்து வெண்மையாயிற்றே என்று வெள்ளைப் பூச்சின் மேல் அதைத் தடவச் சொல்வது தவறான யோசனை. துகள்களின் ஊடே சென்ற ஒளியை அடியிலுள்ள வெண்மை திருப்பி அனுப்பி, குறுக்கீட்டு நிறங்களை மங்கச் செய்துவிடும். கருநீலத்தின் மேல் ஒரு மெல்லிய முத்துப் பூச்சைத் தடவிப் பாருங்கள். நிலவொளியில் கடல் மினுங்குவதுபோல் இருக்கும்.

பனிக்கட்டி நீர் உலர்த்துமா?

பூசி முடித்ததும் விரல்களைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினால் விரைவில் உலரும் என்பது ஏறக்குறைய எல்லாச் செய்முறைகளிலும் காணப்படும் யோசனை. உலர்வது என்பது கரைப்பான் ஆவியாவது என்று பார்த்தோம். குளிர்ச்சி ஆவியாதலைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது. குளிரில் மேற்பரப்பு சற்று இறுகுவதால் உலர்ந்ததுபோல் தோன்றுகிறது. சிறிது நேரம் கழித்துப் போர்வையின் நெசவு அதில் பதிந்திருப்பதைக் காணலாம். மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுப்பதே சரியான வழி. தடித்த பூச்சில் மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே அகப்பட்ட கரைப்பானின் ஆவி கொப்புளமாகக் கிளம்பும். வெப்ப நாளில் இது இன்னும் அதிகம்.

அந்த ஆவி எளிதில் தீப்பற்றக் கூடியது என்பதை எத்தனை செய்முறைகள் சொல்கின்றன? எத்தில் அசிட்டேட்டின் ஆவி காற்றைவிடச் சுமார் மூன்று மடங்கு கனமானது. மேசையின் மேலும் தரையிலும் தவழ்ந்து செல்லும். பூச்சை அகற்றும் அசிட்டோனும் அப்படியே. அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் ஆகியவற்றின் அருகில் இவ்வேலை கூடாது. சன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும்.

ஜெல் பூச்சு: வீட்டில் வேண்டாம்

இதுவரை சொன்னவை அழகைப் பற்றிய குறைகள், திருத்திக்கொள்ளலாம். இனிச் சொல்வது உடல்நலத்தைப் பற்றியது. ‘வாரக்கணக்கில் உதிராத கடல் அலங்காரம்’ என்று ஜெல் பூச்சையும் சிறு விளக்கையும் சேர்த்து வீட்டு உபயோகத்துக்கு விற்கிறார்கள். அவற்றைக் கொண்டு செய்யும் முறைகளும் தாராளமாக வெளியாகின்றன.

ஜெல் உலர்வதில்லை, அது வேதிவினையால் இறுகுகிறது. அக்ரிலேட் வகைச் சிறு மூலக்கூறுகள், புறஊதாக் கதிர் பட்டதும் சங்கிலியாகப் பிணைந்து பாலிமர் ஆகின்றன. தக்க அலைநீளமுள்ள ஒளி, தக்க அளவில், அடிவரை போய்ச் சேர வேண்டும். இங்கேதான் கடற்காட்சி ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. கருநீல நிறமி செறிந்த பூச்சு ஒளியை மேலேயே நிறுத்திவிடுகிறது. வெள்ளை நிறமியான டைட்டானியம் டைஆக்சைடும் புறஊதாக் கதிரை உறிஞ்சுவதில் பெயர் பெற்றது. கடலுக்கு வேண்டிய இரண்டு நிறங்களும் அடிப்பகுதி இறுகாமல் போக வழிசெய்கின்றன. மேலே கண்ணாடிபோல் இருக்கும். அடியில் பிணையாத அக்ரிலேட் எஞ்சியிருக்கும்.

அது தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். உண்டானால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பல் அடைப்புப் பொருள்களிலும் எலும்பு மாற்றுச் சிகிச்சையில் பயன்படும் சிமென்ட்டிலும் அக்ரிலேட் வகைகள் உள்ளன. ஆகவே பதினாறு வயதில் ஓர் அலங்காரத்துக்காக வரவழைத்துக்கொண்ட ஒவ்வாமை, அறுபது வயதில் சிகிச்சையின்போது இடையூறாக வந்து நிற்கக்கூடும். அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் 2012-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அக்ரிலேட்டுகளை அறிவித்தது. இவற்றுள் ஹெமா என்னும் பொருள் கலந்த நகப் பூச்சுகளைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் விதி செய்தது. ஜெல்லில் ஒளிவினையைத் தூண்டச் சேர்க்கப்பட்ட டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே ஒப்பனைப் பொருள்களில் தடை செய்துவிட்டார்கள். இவற்றையெல்லாம் ஒரு வரியில்கூடச் சொல்லாமல் ‘விளக்கின் கீழ் 60 நொடி வைக்கவும்’ என்று எழுதும் செய்முறையை நான் எவ்விதத்திலும் பரிந்துரைக்க மாட்டேன்.

கருநீலப் பூச்சைப் பற்றி இன்னொரு செய்தி. மருத்துவமனையில் விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவி, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்புக் கதிரையும் நகத்தின் வழியே செலுத்தி அளக்கிறது. ஆழ்ந்த நீரைப் போலவே நீல நிறமியும் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் அளவு பிழைபடக்கூடும். சிகிச்சைக்குச் செல்லுமுன் பூச்சை அகற்றிவிடுவது நல்லது.

ஜிகினா மணல்

கடைசியாக ஜிகினாத் தூள். மணலுக்கும் நீரின் மினுமினுப்புக்கும் இதைத் தாராளமாகத் தூவச் சொல்கிறார்கள். பெரும்பாலான ஜிகினாத் துகள்கள் அலுமினியம் படிந்த பாலியெஸ்டர் பிளாஸ்டிக் தாளை நுணுக்கி வெட்டியவை. துடைக்கும்போது தெறித்து, கை கழுவும்போது சாக்கடைக்குப் போய், ஆற்றின் வழியே இறுதியில் கடலைச் சேரக்கூடியவை. சோற்றைப் பிசைந்து உண்ணும் நமக்கு, உதிர்ந்த துகள் இலையிலும் விழும். நுண் பிளாஸ்டிக்குகளை வேண்டுமென்றே சேர்த்த பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எனினும் நகப்பூச்சு போன்ற ஒப்பனைப் பொருள்களுக்கு அது 2035 வரை அவகாசம் தந்திருக்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்க நமக்கு அவசியமில்லை. கடலை நேசித்துத் தீட்டும் சித்திரம் கடலுக்கே குப்பை அனுப்பலாமா? சோள மாவு கலந்த பழுப்புப் பூச்சும் அபிரகம் கலந்த முத்துப் பூச்சும் ஜிகினாவின் வேலையை அதைவிட நன்றாகவே செய்கின்றன. அகற்றும்போது அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்து, பஞ்சைக் குப்பையில் போடுங்கள்.

முடிவாக

ஸ்பாஞ்சு முறை நல்லது, நிறவரிசையைத் திருத்திக்கொள்க. தூரிகையால் வரைந்த நுரையும், ஒட்டுத்தாளில் வரும் நட்சத்திர மீனும் தென்னை மரமும் அஞ்சலட்டைப் படங்களே, கழித்துவிட்டாலும் இழப்பில்லை. நீர்ப்பரப்பு ஓவியம் மிகச் சிறந்தது. சுத்தமான குவளையும் புதிய புட்டியும் விசிறியற்ற இடமும் அதற்கு வேண்டும். முத்துப் பூச்சைக் கருநீலத்தின் மேல் தடவுக. ஜெல்லும் ஜிகினாவும் வீட்டுக்கு வேண்டாம். வெள்ளை, கருநீலம், மஞ்சள், பழுப்பு, முத்து, நிறமற்றது என்று ஆறு சிறு புட்டிகள் போதும். விளக்கு வேண்டாம், கருவி வேண்டாம்.

செய்முறை எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படிக்கும் கீழே ‘ஏனெனில்’ என்று தொடங்கி ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத படி ஒருவேளை தேவையற்ற படியாக இருக்கலாம்; பனிக்கட்டி நீர் அதற்கு எடுத்துக்காட்டு.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் அக்காவோ தங்கையோ நகப்பூச்சுப் புட்டியைத் திறக்கும்போது, நன்றாக அலசிய குவளை ஒன்றில் நீர் எடுத்துக்கொண்டு அருகில் போய் அமருங்கள். ஒரு துளி கேட்டு வாங்கி நீரில் விடுங்கள். அது விரிவதைப் பாருங்கள். பிறகு சோப்புத் தொட்ட குச்சியால் படலத்தின் விளிம்புக்கு அருகில் நீரைத் தொடுங்கள். படலம் எந்தப் பக்கம் நகர்கிறது, ஏன் நகர்கிறது என்பதை இக்கட்டுரையில் படித்ததைக் கொண்டு நீங்களே சொல்லிவிடலாம்.